சாம்பல் பூத்த தணல்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகையிலும் தலைக்குந்தாவிலும் புல்வெளிகள் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்த இரவுகளில் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் எங்களுக்கு ஒரே கவலைதான்: எங்கோ ஒரு குடும்பம் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு, அறைக்குள் கரிச்சட்டியோடு உறங்கிக்கொண்டிருக்குமோ?

“புகை அடங்கிய பிறகுதான் டாக்டர் உள்ளே வைத்தோம்” என்று பலரும் சொல்வார்கள். ஆபத்தே அங்குதான் இருக்கிறது. மேலே வெள்ளைச் சாம்பல் பூத்துவிட்டால் கண்ணை எரிக்கும் புகை இருக்காது. ஆனால் உள்ளே தணல் கனன்றுகொண்டிருக்கும் வரை கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அந்த வாயு போய் உட்காருவது இரத்தத்திலுள்ள இரும்பின் மீது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில், போர்ஃபிரின் என்ற தட்டையான வளையத்தின் நடுவே, நான்கு நைட்ரஜன் அணுக்களின் பிடியில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. ஆக்சிஜன் வந்து சேரும் இடமும் அதுவே. 1936-இல் வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் ஹீமோகுளோபினைக் காந்தப்புலத்தில் வைத்து அளந்தார்கள். ஆக்சிஜன் இல்லாதபோது ஒவ்வோர் இரும்பிலும் ஜோடி சேராத நான்கு எலக்ட்ரான்கள் இருந்தன. காந்தம் அதை ஈர்த்தது. ஆக்சிஜன் சேர்ந்ததும் அந்த ஈர்ப்பு மறைந்தது. கார்பன் மோனாக்சைடு சேர்ந்தபோதும் அப்படியே மறைந்தது.

காந்தப்புலத்தில் அணுக்கள் தரும் சமிக்ஞைகளைப் பதிவுசெய்யும், பின்னாளில் வந்த காந்த ஒத்ததிர்வு நிறமாலை இதை இன்னும் நுட்பமாகக் காட்டியது. இரும்பில் ஜோடி சேராத எலக்ட்ரான் இருந்தால், வளையத்தின் ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சமிக்ஞைகள் வழக்கமான எல்லையைத் தாண்டி வெகுதூரம் விலகிப் போகும். கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமில் (அந்த வளையமும் இரும்பும் சேர்ந்ததுதான் ஹீம்) அந்தப் பெரிய விலகல் இல்லை. காந்தத்தன்மையை மட்டும் வைத்துப் பார்த்தால், உயிர்க்காற்றைச் சுமக்கும் இரும்பும் நஞ்சைச் சுமக்கும் இரும்பும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எனக்கு இது வெறும் ஆய்வகச் செய்தியாகத் தோன்றவில்லை.

ஏனென்றால், இரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்ட விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் இதே இரண்டைப் பிரித்தறியாமல் ஏமாறுகிறது. அது அளப்பது ஒளியை. காரணம் வேறு, விளைவு ஒன்றே. நோயாளி வாந்தியெடுத்து, பெயர் கேட்டால் குழறுவார்; திரையில் 98 என்று தெரியும். அந்த எண்ணை நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இரத்தம் எடுத்து, கார்பாக்சிஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபின், அளவைத் தனியே பார்க்க வேண்டும்.

ஆக்சிஜனைவிட இந்த வாயு ஹீமோகுளோபினை 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றுகிறது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும். ஆகவே தாமதிக்காமல் வாருங்கள்.

உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், தலைவலி வந்தால் மலையேறிய களைப்பு என்றோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ எண்ணிக்கொள்கிறார்கள். ஓர் அறையில் படுத்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் முதலில் இந்த வாயுவைத்தான் சந்தேகிக்க வேண்டும். வெளிக்காற்று இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் எரிவதும், இன்ஜினை ஓடவிட்டு வேனுக்குள் ஓட்டுநர் உறங்குவதும் இதே ஆபத்துதான். விடுதி நடத்துபவர்களே, விருந்தினர் குளிர்கிறது என்றால் இன்னொரு கம்பளி கொடுங்கள், கரிச்சட்டி கொடுக்காதீர்கள்.

யாராவது மயங்கிக் கிடந்தால் கதவைத் திறந்து, உடனே வெளியே தூக்கி வந்து, 108-ஐ அழையுங்கள். அறையில் கரி எரிந்தது என்பதை ஆம்புலன்ஸ் ஊழியரிடமும் மருத்துவரிடமும் மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் ஆக்சிமீட்டர் என்ன காட்டினாலும் முழு ஆக்சிஜனை உடனே தொடங்குவோம்.