கோண முகத்துக்கு வட்டக் கழுத்து எதற்கு?

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு பெண் வழக்கறிஞர் என் தையற்கடைக்கு வந்தார். தம்பிக்குத் திருமணம். கையில் இளஞ்சிவப்பு ஜார்ஜெட் புடவை. “எப்படி வேண்டுமானாலும் தையுங்கள் அக்கா, இந்தத் தாடை மட்டும் தெரியக் கூடாது” என்றார். 22 வருடங்களாகக் கோவையில் கத்தரி பிடிக்கிறேன். தாடையை மறைக்கும் ரவிக்கை ஒன்றை இன்னும் யாரும் வெட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இஞ்ச் டேப்பை எடுக்கும் முன் கைப்பேசியில் இருக்கும் படங்களைக் காட்டச் சொல்வது என் வழக்கம். கண்ணாடி முன் நிற்கும்போது எல்லாரும் முகத்தை இறுக்கிக்கொள்வார்கள். யாரோ தற்செயலாக எடுத்த படத்தில்தான் உண்மையான முகம் கிடைக்கும். இவர் இரண்டு படங்கள் காட்டினார். ஒன்று, ஓர் உறவினர் வீட்டு வரவேற்பில் எடுத்தது. மெல்லிய புடவை, கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்த ரவிக்கை, சுருள்சுருளாகத் தொங்கவிட்ட முடி, பெரிய உருண்டை ஜிமிக்கி. யாருடைய உடையையோ இரவல் வாங்கி உடுத்தியதுபோல் இருந்தார். இன்னொன்று, நீதிமன்ற வளாகத்தில் எடுத்தது. கறுப்புக் கோட்டு, விறைப்பான வெள்ளைக் காலர், கழுத்தடியில் இரண்டாகப் பிரிந்து இறங்கும் வெள்ளைப் பட்டை, இழுத்து வாரிய கொண்டை. அந்தப் படத்தில் நிற்பவரிடம் வாய்தா கேட்கவே எதிர்க்கட்சிக்காரர் யோசிப்பார்.

தாடை இரண்டு படத்திலும் ஒன்றுதான். கோட்டின் மடிப்பு, பட்டையின் கூர், தோளின் நேர்க்கோடு எல்லாம் அவர் முகத்தில் ஏற்கெனவே இருக்கும் கோடுகளோடு ஒத்துப்போயின. ஜார்ஜெட்டும் சுருக்கும் அந்த முகத்தோடு ஒத்துப்போகாமல் ஒவ்வொரு அங்குலத்திலும் தகராறு செய்தன.

எங்கள் தொழிலில் புதிதாக வருபவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடமே தப்பு என்பது என் கட்சி. வட்ட முகமா, வி கழுத்து வை. சதுர முகமா, வட்டக் கழுத்து வை. முட்டை வடிவ முகம்தான் இலக்கணம், மற்றதெல்லாம் பிழை, துணியை வைத்துப் பிழை திருத்த வேண்டும் என்ற எண்ணம் இதற்கு அடியில் கிடக்கிறது. வட்டத்தைப் பக்கத்தில் வைத்தால் கோணம் மழுங்கிவிடும் என்பது கணக்கு. ஒரு தீப்பெட்டியின் அருகே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பாருங்கள். தீப்பெட்டியின் மூலைகள் முன்பைவிடக் கூராகத் தெரியும். அதே தீப்பெட்டியை ஒரு புத்தகத்தின் விளிம்போடு ஒட்டி வையுங்கள். மூலை கண்ணை உறுத்தாது, இரண்டும் சேர்ந்து ஓர் ஒழுங்காகிவிடும்.

கோண முகம் எது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. ஒல்லியாக இருப்பதெல்லாம் கோணம் ஆகாது. காய்ச்சலில் படுத்து எழுந்தால் கன்னம் ஒட்டும். அது சதையின் கதை. நான் பார்ப்பது எலும்பை. முடியை முழுக்கப் பின்னால் வாரிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் நின்று, காதுக்குக் கீழிருந்து முகவாய் வரை விரலால் தடவிப் பாருங்கள். நடுவில் விரல் ஒரு மூலையில் திரும்புகிறதா? கன்ன எலும்பு மேடாக நிழல் விழ நிற்கிறதா? மூக்குத் தண்டு நேராக இறங்குகிறதா? தோள் எலும்பின் நுனி தட்டுப்படுகிறதா? இவற்றில் பெரும்பாலானவை ஆம் என்றால், பத்து கிலோ எடை கூடினாலும் உங்கள் முகம் கோண முகம்தான். தாடை கோணமாகவும் கண்ணும் உதடும் மென்மையாகவும் இருக்கும் கலப்பு முகங்களும் ஏராளம். அவர்களுக்கு நான் கீழே சொல்வதில் பாதி போதும்.

இனி ரவிக்கைக்கு வருகிறேன். எல்லாரும் கழுத்தைப் பற்றியே கேட்பார்கள். நான் தோளில்தான் தொடங்குவேன். தோள் தையல் எலும்பின் நுனியில் உட்கார வேண்டும். அரை இஞ்ச் வெளியே விழுந்தால் ஆள் தளர்ந்து தெரிவார், உள்ளே ஏறினால் கைப்பகுதி இழுத்துக்கொண்டு சுருக்கம் விழும். மென்மையான முகத்தில் இந்த அரை இஞ்ச் தப்பு யார் கண்ணிலும் படாது. கோண முகத்தில் பட்டவர்த்தனமாகத் தெரியும், ஏனென்றால் மேலே முகம் அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் இருக்கிறது, கீழே துணி குடித்தவன்போல் சாய்கிறது. பின்கழுத்தை மிக ஆழமாக வெட்டி இரண்டு கயிற்றைக் கட்டித் தோளை நிறுத்தும் மாடல் இவர்களுக்கு வேண்டாம் என்பேன். கயிறு தளர்ந்ததும் தோள் இறங்கும். அன்றைய நாள் முழுக்க அதை ஏற்றிவிடுவதிலேயே போகும்.

கழுத்துக்குச் சதுரம் அல்லது வி. சதுரத்தில் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. காகிதத்தில் செங்குத்தாக வரைந்த சதுரம், உடம்பில் ஏறியதும் கீழே அகன்று வாய் பிளக்கும். அதனால் இரண்டு பக்கத்தையும் கீழே வரும்போது கால் இஞ்ச் உள்ளே சாய்த்து வெட்டுவேன். உடுத்தியபின் அதுதான் நேராகத் தெரியும். மூலை இரண்டிலும் உட்புறம் ஃபியூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் விறைப்புத் துணி) ஒட்டி, திருப்பும் முன் தையல் வரை கத்தரியால் கீறிவிட வேண்டும். இந்த இரண்டையும் செய்யாத சதுரக் கழுத்து, இரண்டாவது சலவையில் யு கழுத்தாகிவிடும். உங்கள் தையற்காரரிடம் துணியைக் கொடுக்கும்போதே இதைக் கேளுங்கள். லைனிங் துணியை நனைத்துக் காயவைத்தபின் வெட்டுகிறாரா என்றும் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு கடை பாருங்கள்.

கை முழங்கைக்குச் சற்று மேலே நேராக முடிவது நல்லது. சுருக்கு வைத்த புஃப் கை வேண்டுமென்று அடம்பிடித்தால், சுருக்குக்குப் பதிலாகக் கத்திமுனை மடிப்பு வைத்துக் கொடுப்பேன். உயரம் கிடைக்கும், கொழகொழப்பு இருக்காது.

துணியில் உடம்பு இருக்க வேண்டும். ராசில்க், காஞ்சிப் பட்டு, கஞ்சி போட்ட பருத்தி, தடித்த லினன் இவையெல்லாம் மடித்த இடத்தில் மடிந்து நிற்கும். ஷிஃபான், ஜார்ஜெட் வழிந்து ஓடும். அழகாகத்தான் ஓடும், ஆனால் எலும்பு நிற்கச் சொல்லும்போது துணி ஓடினால் என்ன செய்வது?

புடவையைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். உடலுக்கு ஒரு நிற ஊடை, அதாவது குறுக்கு நூல், கரைக்கு வேறு நிற ஊடை. அந்தக் குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் தறி நாடாக்கள் மூன்று ஓடும். மரபான தறியில் நெசவாளியின் பக்கத்தில் நாடா தள்ள ஓர் உதவியாளும் உட்கார வேண்டும். இரண்டு நிறமும் கோத்துக்கொள்ளும் இடத்தில் ஒன்றோடொன்று கலந்து மங்காமல், கத்தியால் கீறியதுபோல் மாறும். அந்த எல்லையில் கோபுரக் கரையின் முக்கோணங்கள் வரிசையாக நிற்கும். மடிப்பு வைத்து முந்தானையைத் தோளில் குத்தியதும் அந்தக் கரை மார்பின் குறுக்கே சாய்கோடாக இறங்குகிறது. எந்தக் கறுப்புக் கோட்டின் மார்பு மடிப்பும் இவ்வளவு செய்யாது. பட்டு வேண்டாத நாட்களுக்குக் காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற புடவை. அகலக் கட்டம், அகலக் கரை, அரக்கும் மஞ்சளும் கறுப்பும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் நிறங்கள். பொடிப்பூ அச்சிட்ட புடவையில் தொலைந்துபோகும் முகம், இதில் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. மாநிறத்துக்கு அடர்நிறம் கூடாது என்று இன்னும் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கோண முகத்துக்கு வேண்டியது நிறங்களுக்கு இடையே தெளிவான பிரிவு. மயில்கழுத்துக்குக் குங்குமச் சிவப்பு, வெள்ளைக்குக் கறுப்பு என்று. உடலும் கரையும் ரவிக்கையும் ஒரே வெளிர்நிறத்தில் குழைந்தால் முகம் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும்.

நகையில் நான் தலையிடுவதில்லை. ஆனால் கேட்டால் சொல்வேன். வி வடிவ வங்கி மோதிரத்தைப் பாருங்கள், நடுவில் கூராக ஒடிந்து இறங்குகிறது. நம் பொற்கொல்லர்களுக்குக் கோணம் புதிதல்ல. காதில் நீளமான, தட்டையான தொங்கல், அல்லது காதோடு ஒட்டிய பெரிய கல் தோடு. ஒன்று பேசினால் மற்றது வாயை மூட வேண்டும்: காது பெரிதானால் கழுத்து வெறுமையாகட்டும். துணிச்சலான அலங்காரம் என்றதும் பெட்டியில் இருப்பதையெல்லாம் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. ஜமைக்காவில் பிறந்த பாடகி கிரேஸ் ஜோன்ஸின் 1980களின் படங்களைப் பாருங்கள். மேசைபோல் தட்டையாக வெட்டிய முடி, தோள் எழுந்த கோட்டு, அவ்வளவுதான். கன்ன எலும்பே நகை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்களும் சதுர முகத்துக்கு வட்ட ஃபிரேம் என்ற அதே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள். ஒருமுறை நேர்க்கோட்டு மேல்விளிம்பு கொண்ட ஃபிரேமையும் போட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

இந்த முகத்துக்கு மெருகு அவசியம் என்பதை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் செலவழித்தபின் பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். கோடுகளை நம்பி உடுத்துகிறோம். கோடு கசங்கினால் ஒன்றுமே மிஞ்சாது. புடவைக்கு ஃபால்ஸ் தைத்து, முந்தானை மடிப்பை முதல் நாளே இஸ்திரி போட்டுக் கிளிப் மாட்டி வைக்க வேண்டும். மடிப்பு ஒவ்வொன்றும் ஒரே அகலம். ரவிக்கைக் கொக்கிகளுக்கு இடையே இடைவெளி தெரியக் கூடாது. சதுரக் கழுத்தில் உள்ளாடைப் பட்டை எட்டிப்பார்த்தால் ஆயிரம் ரூபாய்த் தையலும் வீண். தோளில் உட்புறம் ஒரு சிறு பிடிப்புப் பட்டையும் அழுத்துப் பொத்தானும் தைத்துத் தருமாறு கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

சல்வார் அணிபவர்களுக்கு நேர்வெட்டுக் குர்தாவும் சீனக் காலரும். ஆண்களுக்குச் சொல்ல அதிகமில்லை: காலருக்குள் நல்ல கேன்வாஸ், இஸ்திரி மடிப்புக் கலையாத வேட்டி.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடந்த சில வருடங்களாக, மணப்பெண்கள் சிலர் தாடையைச் சுருக்க ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று என்னிடமே கேட்கிறார்கள். நான் மருத்துவர் இல்லை. நான் அறிந்தவரை அந்த ஊசி மெல்லும் தசையைத்தான் தளர்த்திச் சுருக்கும், எலும்பின் மூலையைத் தொடாது. சில மாதங்களில் பலன் குறையும், மறுபடி போட வேண்டும். விரும்பினால் தகுதி பெற்ற மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அழகு நிலையத்து நாற்காலியில் மட்டும் உட்காராதீர்கள். திருமணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நிச்சயம் வேண்டாம். ஒரு வாரத்தில் ரவிக்கையைக்கூட நான் ஒழுங்காகத் தைத்துத் தர மாட்டேன். மூன்று வாரமும் ஒரு ஃபிட்டிங்கும் கேட்பேன்.

சுருக்கும் சரிகைப் பூவும் ஆசையாக இருக்கிறது என்றால் உடுத்துங்கள், யாரும் அபராதம் போடப் போவதில்லை. ஒளிவதற்காக உடுத்தாதீர்கள் என்பதுதான் நான் கேட்பது.

வழக்கறிஞர் அந்த ஜார்ஜெட்டைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். பெட்டியிலிருந்த அம்மாவின் பழைய கோர்வைப் பட்டு வெளியே வந்தது: கரும்பச்சை உடல், அரக்குக் கரை. அரக்கு ராசில்க்கில் சதுரக் கழுத்து ரவிக்கை தைத்தேன். ஃபிட்டிங் நாளில் கண்ணாடி முன் நின்றவர் முகவாயைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஏழெட்டு ரவிக்கைகள் ஆகிவிட்டன. போன மாதம் வந்தபோது கையில் துணி இல்லை. பையிலிருந்து கறுப்புக் கோட்டை எடுத்து மேசைமேல் விரித்து, “தோள் தையல் அரை இஞ்ச் வெளியே விழுகிறது, கவனித்தீர்களா அக்கா?” என்றார். பத்து வருடமாக அதைப் போட்டுக்கொண்டுதான் வாதாடியிருக்கிறார். பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன், திங்கட்கிழமை அவருக்கு வழக்கு இருக்கிறது.