எஸ்டிபி: தமிழ்ல திட்ட வெப்ப அழுத்த நிலை

எஸ்டிபின்னா ஸ்டாண்டர்ட் டெம்பரேச்சர் அண்ட் பிரஷர். கேஸ் சூடானா விரியும் அமுக்கினா சுருங்கும், அதனால வெறுமனே 10 லிட்டர்னு சொன்னா உள்ள எவ்வளவு சரக்கு இருக்குன்னு ஒருத்தருக்கும் புரியாது, எந்த சூட்டுல எந்த அழுத்தத்துல அளந்ததுன்னு கூடவே சொல்லணும், அந்த பொது கண்டிஷன்தான் இது.

தமிழ்நாட்டு பாடப்புத்தகத்துல திட்ட வெப்ப அழுத்த நிலை. இலங்கைக்காரங்களுக்கு ஸ்டாண்டர்ட்னா நியமம், பிரஷர்னா அமுக்கம். செந்தரம்னு எழுதறவங்களும் உண்டு. ஸ்டாண்டர்ட்ங்கறது பழைய பிரெஞ்சுல படைக்கொடி, அளவுங்கற அர்த்தம் பின்னாடி வந்தது. எனக்கு திட்டம்தான் பிடிச்சிருக்கு, பிளான்னு நினைச்சுக்காதீங்க, உப்பு திட்டமா போடுன்னு வீட்டுல சொல்வாங்களே, கூடாம குறையாம, அந்த திட்டம்.

பேர்ல திட்டம் இருக்கே தவிர நம்பர் ஆளுக்கொண்ணு. முன்னாடி 0 டிகிரி, 1 அட்மாஸ்பியர், ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ற ஒரு கெமிஸ்ட்ரி அளவு) கேஸ் 22.4 லிட்டர். 1982ல ஐயூபிஏசிங்கற உலக வேதியியல் அமைப்பு அழுத்தத்தை 1 பார்னு மாத்திச்சு, அது அட்மாஸ்பியரை விட கொஞ்சம் கம்மி, கணக்கு 22.7 ஆயிடுச்சு. பெங்களூர்ல என்சிஇஆர்டி படிக்கற பசங்க 22.7ங்கறாங்க, அந்த காலத்துல ஊர்ல படிச்ச அப்பாக்கள் 22.4ல நிக்கறாங்க, ரெண்டு பேரும் சரிதான் போங்க.

பரீட்சையில மார்க்கோட போயிடும், பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டை பக்கம் வந்தா காசு. நைட்ரஜன் கொட்டேஷன்ல என்எம் க்யூப்னு (நார்மல் க்யூபிக் மீட்டர்) இருந்தா 0 டிகிரி, 1 அட்மாஸ்பியர் கணக்கு. பெங்களூர் கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல, இங்க காத்தழுத்தம் 0.91 பார் பக்கம்தான், அதனால 100 என்எம் க்யூபை 25 டிகிரியில இங்க திறந்து விட்டா 120 க்யூபுக்கு மேல இடம் பிடிக்கும். சிலர் இதை பாக்காம ஃப்ளோ மீட்டர் தப்பா காட்டுதுன்னு சண்டைக்கு போவாங்க. கம்ப்ரஸரும் அப்படித்தான், சென்னையில ஓடினதை இங்க கொண்டுவந்து வெச்சா பிளேட்ல அதே சிஎஃப்எம்தான் (நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்துங்கற கணக்கு), ஆனா உள்ள இழுக்கற காத்தே லேசு, எடைக்கணக்குல பத்துல ஒரு பங்கு பக்கம் போயிடும்.

என்டிபின்னு (நார்மல் டெம்பரேச்சர் அண்ட் பிரஷர்) பாத்தா இன்னும் உஷாரா இருங்க, நம்ம பழைய புத்தகத்துல 0 டிகிரி, வேற சில இடத்துல 20. வீட்டு குழாய் கேஸ் பில்லுல வர்ற எஸ்சிஎம் (ஸ்டாண்டர்ட் க்யூபிக் மீட்டர்) தனி, அது 15 டிகிரி, 1 அட்மாஸ்பியர்.