கேரியர்: அடுக்குப் பாத்திரமும் ஓடுபாதையும்

ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஆபரேட்டராக இருக்கும் அக்கா மகள், விடியற்காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என் அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தார். "ஆயா, எனக்கு இப்ப கேரியர்தான் முக்கியம்." அடுப்படியிலிருந்து உடனே பதில் வந்தது: "அதான் கட்டி வச்சிருக்கனே. மேல் அடுக்குல ரசம் இருக்கு, சாய்க்காம எடுத்துட்டுப் போ."

வீடே சிரித்தது. ஆனால் அம்மா அப்படியொன்றும் தவறாகச் சொல்லிவிடவில்லை. ஆங்கிலத்தில் சாப்பாட்டுக் கேரியர் 'carrier', வேலை சார்ந்த கேரியர் 'career': வேறு வேறு எழுத்துக் கூட்டல் உள்ள இரு சொற்கள். தமிழில் எழுதினால் இரண்டும் 'கேரியர்'தான். இன்னும் பின்னால் போனால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லத்தீனில் 'கர்ரூஸ்' என்றால் சக்கர வண்டி. வண்டியில் ஏற்றிச் செல்வதைக் குறித்த வினையிலிருந்து சாப்பாட்டுக் கேரியரும் சைக்கிள் கேரியரும் வந்தன. வண்டி ஓடும் பாதையைக் குறித்த சொல்லிலிருந்து பிரெஞ்சின் 'காரியேர்' வந்து, அது ஆங்கிலத்துக்குப் போய் நம் அக்கா மகள் சொன்ன கேரியர் ஆனது. நாம் ஏறிப் போகும் காரும் இந்தக் குடும்பம்தான்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இன்னொன்று சுவையாக இருக்கும். பிரெஞ்சில் இதே 'காரியேர்' கல் குவாரியையும் குறிக்கும். ஆனால் அதன் வேர் வேறு: சதுரமாக வெட்டிய கல் என்ற பொருளில் வந்தது. ஒலி மட்டும் ஒன்று, உறவில்லை. நம்மூர் கிரானைட் குவாரியில் வேலை பார்த்தவர் யாரும் அதைக் கேரியர் என்று சொல்லிக் கேட்டதில்லை. பொழப்பு என்றுதான் சொல்வார்கள்.

ஆங்கிலத்துக்கு வந்த புதிதில், 16ஆம் நூற்றாண்டில், 'career' என்ற சொல் பந்தயத் திடலையும் குதிரையின் முழுப் பாய்ச்சலையும் குறித்தது. ஒருவர் வாழ்நாள் முழுதும் பார்க்கும் வேலைகளின் தொடர் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. கட்டுப்பாடு இழந்து தறிகெட்டு ஓடுவதைக் குறிக்கும் வினையாக இன்றும் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. மாதாமாதம் வேலை மாறும் பையன்களைப் பார்த்தால் அந்தப் பொருள்தான் பொருத்தமோ என்று எனக்குத் தோன்றும்.

பந்தயப் பாதை என்றால் கயிறு கட்டிய தொடக்கமும் கயிறு கட்டிய முடிவும் உண்டு. 1980களில் ஓசூர் சிப்காட் பக்கம் லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று ஆலைகள் வந்தபோது, ஐடிஐ முடித்து உள்ளே போனவர்களுக்கு அப்படித்தான் இருந்தது. டிரெய்னியாகச் சேர்ந்து, பெர்மனென்ட் ஆகி, வீட்டுக்கடன் கட்டி, 58 வயதில் மாலையோடு வெளியே வருவார்கள். அதே ஊரில் இன்று எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்கிறார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோதே பெரும்பாலான புது இருசக்கர வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் போய்விட்டது. எலெக்ட்ரிக் வண்டியில் பிஸ்டனும் கிடையாது. எங்கள் தெரு மெக்கானிக் காதை வைத்தே எஞ்சின் கோளாறைச் சொல்வார். இப்போது கேட்பதற்கு ஒன்றுமில்லாத வண்டி வந்து நிற்கிறது. மகனை பேட்டரி, கன்ட்ரோலர் படிக்க அனுப்பிவிட்டு, இவர் பழைய வண்டிகளோடு இருக்கிறார்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

'தொழில் வாழ்க்கை' என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. தர்மபுரியில் "பையன் என்ன பண்றான், வேலையா தொழிலா?" என்று கேட்டால், தொழில் என்பது சொந்தக் கடை, சொந்த வண்டி, தக்காளி மண்டி. மாதச் சம்பளக்காரர் அந்தச் சொல்லுக்குள் நுழையவே முடியாது. 'உத்தியோகம்' அரசு வேலையின் வாசனையோடு வருகிறது. 'பிழைப்பு' உயிருள்ள சொல். பிழைத்தல் என்றால் தவறுவது, சாவிலிருந்து தப்புவது, வாழ்வது எல்லாம் உண்டு. ஆனால் அது இன்றைய நாளின் சோற்றைப் பேசுகிறது, முப்பது வருடத்தைப் பேசுவதில்லை. 'பணிப்பாதை' மூலத்துக்கு நெருக்கம்தான். பாதையே கலைந்துபோன காலத்தில் பாதை என்று ஏன் கட்டிப் போட வேண்டும்?

என் தேர்வு 'பணிவாழ்வு'. தமிழில் வாழ்வு என்றாலே அதன் பக்கத்தில் தாழ்வும் நிற்கும். வாழ்ந்து கெட்டவர் என்கிறோம், கெட்டு வாழ்ந்தவரும் உண்டு. ஏறுவதும் இறங்குவதும் நடுவில் நிற்பதும் அந்தச் சொல்லிலேயே அடக்கம்.

மேலாண்மைப் படிப்பில் புழங்கும் கூட்டுச்சொற்களுக்கும் இது கைகொடுக்கிறது. 1976இல் டக்ளஸ் ஹால் 'புரோட்டியன் கேரியர்' என்று ஒன்றைச் சொன்னார். நினைத்த உருவம் எடுக்கும் கிரேக்கக் கடல் தெய்வமான புரோட்டியஸின் பெயரில் வந்தது. கம்பெனி அல்ல, ஆளே தன் வேலையின் போக்கைத் தீர்மானிப்பது என்பது கருத்து. 'உருமாறும் பணிவாழ்வு' எனலாம். 1990களில் பரவிய இன்னொன்று, ஒரே நிறுவனத்தின் சுவருக்குள் அடங்காத 'எல்லையற்ற பணிவாழ்வு'. தினமும் கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய், ராத்திரி அமெரிக்காக்காரரோடு மீட்டிங் பேசிவிட்டு ஓசூர் திரும்புகிறவருக்கு எல்லை என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. இடையில் விட்டு நிற்பது 'பணிவாழ்வு இடைவெளி'. துறையே மாறுவது 'துறைமாற்றம்'. 'பணிமாற்றம்' வேண்டாம், அரசு ஊழியர் அதை டிரான்ஸ்ஃபர் என்று படித்துவிடுவார்.

அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். "இன்டர்வியூல அப்படிச் சொன்னா எச்ஆருக்குப் புரியுமா மாமா?" என்றாள். அவள் கான்ட்ராக்ட் இன்னும் எட்டு மாதம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கிருஷ்ணகிரியில் சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் வழி இயங்கும் இயந்திரங்களுக்கான புரோகிராமிங் வகுப்புக்குப் போகிறாள். அன்றைக்கும் அம்மா கேரியர் கட்டிக் கொடுக்கிறார்.