'லிமிடெட் எடிஷன்' வாங்கும் முன் விற்கும் விலையைக் கேளுங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருப்பது பலருக்கும் தெரியும். நானும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் பழம்பொருள்களை மதிப்பிடுவது, வாங்குவது, விற்றுக் கொடுப்பது என் வேலை. முன்பெல்லாம் பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, கண்ணாடிச் சட்டம் போட்ட சாமி படம் என்றுதான் வரும். இப்போது அவற்றோடு சேர்ந்து நினைவு நாணயப் பெட்டி, எண் பொறித்த கைக்கடிகாரம், அட்டையைப் பிரிக்காத பொம்மைக் கார், லபூபு பொம்மை எல்லாம் வருகின்றன. கொண்டுவருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இது லிமிடெட் எடிஷன். இப்ப என்ன விலை போகும்?"

பெரும்பாலும் என் பதில் அவர்கள் முகத்தை வாடச் செய்கிறது. வாங்கும் முன்பே சில கேள்விகளைக் கேட்டிருந்தால் அந்தப் பணம் தப்பியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதி வீடுகளில் இன்று நல்ல விலைக்குப் போகும் பொருள்களைக் கவனியுங்கள். ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் என்று பல நாடுகளிலிருந்து வந்த எனாமல் தூக்கு, தட்டு, அடுக்கு கேரியர். பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்தவர்கள் கப்பலில் கொண்டுவந்தவை, பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தவை. இவற்றில் எதையும் 'இத்தனைதான் செய்வோம்' என்று யாரும் செய்யவில்லை. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளிய அன்றாடப் பொருள்கள்தான். பிறகு விளிம்பு பெயர்ந்தது, அடி ஓட்டையானது. எவர்சில்வர் வந்ததும் பாதியைப் பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டு மாற்றிக்கொண்டார்கள். பங்கு பிரித்தபோதும் வீடு இடித்தபோதும் மீதியில் பாதி போனது. தப்பித்தவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைத் தேடி இன்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆள் வருகிறது.

நேர்மாறான கதை அமெரிக்காவின் பீனி பேபிஸ் பொம்மைகள். 1990களில் டை என்ற நிறுவனம் ஒவ்வொரு பொம்மையாக 'இனி இது வராது' என்று நிறுத்திக்கொண்டே வந்தது. நிறுத்தியதன் விலை ஏறியது. ஜனங்கள் எதிர்கால முதலீடு என்று நினைத்துப் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். காதில் தொங்கும் சீட்டு மடங்கக்கூடாது என்று அதற்குத் தனியாகப் பிளாஸ்டிக் உறை போட்டார்கள். 1999 இறுதியோடு எல்லாப் பொம்மைகளையும் நிறுத்தப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. அந்த அறிவிப்பும் சந்தையைக் காப்பாற்றவில்லை. வைத்திருந்தவர்கள் எல்லோரும் விற்கப் பார்த்தார்கள், வாங்கத்தான் ஆள் இல்லை. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்?

நான் யாரிடமும் முதலில் கேட்பது இதைத்தான்: இதை வாங்கிய மற்றவர்கள் என்ன செய்திருப்பார்கள்? விளையாடி உடைத்திருப்பார்களா, உறை பிரிக்காமல் பீரோவில் வைத்திருப்பார்களா? பீரோவில் என்றால், பத்து வருஷம் கழித்து அத்தனையும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வரும்.

'லிமிடெட்' என்பதிலும் பல வகை உண்டு. 'இத்தனைதான்' என்று எண்ணிக்கையை அறிவித்து, ஒவ்வொன்றிலும் 37/500 என்பது போல் வரிசை எண் பொறிப்பது ஒரு வகை. 500 என்பது உண்மையாகவே சின்ன எண். ஆனால் அதே வடிவத்தை ஐந்து நிறத்தில், நிறத்துக்கு 500 என்று விட்டால் மொத்தம் 2,500 ஆகிவிடுகிறது. அச்சு ஓவியங்களில் இந்த எண்ணிக்கைக்கு வெளியே 'ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப்' என்று ஓவியருக்கென எடுத்த சில பிரதிகள் தனியாக இருக்கும், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். இரண்டாவது வகை காலக்கெடு: இந்தத் தேதிக்குள் கேட்ட எல்லோருக்கும் செய்து கொடுப்பார்கள். லட்சம் பேர் கேட்டால் லட்சம் செய்வார்கள். மூன்றாவது வகையில் எண்ணும் கிடையாது, தேதியும் கிடையாது, பெட்டியின் மேல் பொன்னிற எழுத்து மட்டும் இருக்கும். அந்தப் பெட்டிக்கு நான் ஒரு ரூபாய்கூட அதிகம் தருவதில்லை.

சரி, எண்ணிக்கை உண்மையாகவே குறைவு என்றே வைத்துக்கொள்வோம். அதே நிறுவனம் மறுபடி தயாரிக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? 2025 ஜூனில் பெய்ஜிங் ஏலம் ஒன்றில் ஆள் உயர லபூபு பொம்மை 10.8 லட்சம் யுவானுக்குப் போனது. அந்தச் செய்தி நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்கள்வரை வந்து சேர்ந்தது. அதே மாதத்தில் பாப் மார்ட் நிறுவனம் சாதாரண லபூபுகளைப் பெருமளவில் மறுபடி விற்பனைக்கு விட, சீனாவில் மறுவிற்பனை விலை சடசடவென்று இறங்கியது. ஏலத்தில் போனது ஒற்றைப் பொருள். நம் பிள்ளைகள் கையில் இருப்பது கடைச் சரக்கு, அதிலும் பல போலி. முதலாவதன் விலையை வைத்து இரண்டாவதைக் கணக்குப் போட முடியாது.

நினைவு நாணயங்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்புக்காக 2023 மே மாதம் வந்த 75 ரூபாய் நாணயமும், கலைஞர் நூற்றாண்டுக்காக 2024 ஆகஸ்டில் வந்த 100 ரூபாய் நாணயமும் எடை 35 கிராம், அதில் பாதி வெள்ளி. அதாவது 17.5 கிராம் வெள்ளி. "வெள்ளி விலையாவது தேறுமே" என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் நாணயத்தை உருக்குவது 2011 ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம். ஆகவே வெள்ளி உள்ளே இருந்தாலும் அதை எடுத்து விற்க வழியில்லை. இன்னொரு சேகரிப்பாளர் வாங்கினால்தான் காசு. இவற்றை அரசு நாணயச் சாலையில் நேரடியாகப் பதிவு செய்து வாங்குவதே நல்லது. வெளியில் கைமாறி வரும்போது விலை ஏறியிருக்கும், பெட்டியும் சான்றுச் சீட்டும் சரியாக இருக்கின்றனவா என்ற சந்தேகமும் கூடவே வரும். பிடித்த தலைவரின் முகம் வீட்டில் இருக்கவேண்டும் என்று வாங்குங்கள், அது நல்ல காரணம். பேத்தி கல்யாணத்துக்கு உதவும் என்று பத்துப் பெட்டி வாங்கி அடுக்காதீர்கள்.

இதைவிட எனக்கு மனவேதனை தருவது பழைய நாணய மோசடி. வைஷ்ணவ தேவி படம் போட்ட 2012 ஆம் ஆண்டு 5 ரூபாய் நாணயம் இருந்தால் லட்சக்கணக்கில் தருவோம், 786 என்று முடியும் நோட்டு இருந்தால் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வோம் என்று விளம்பரம் வருகிறது. போன் செய்தால் மரியாதையாகப் பேசுவார்கள். நாணயத்தின் படத்தை அனுப்பச் சொல்வார்கள், "ஒரிஜினல்தான்" என்பார்கள். அப்புறம் பதிவுக் கட்டணம், வரி, ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். ரிசர்வ் வங்கியின் முத்திரை போட்ட கடிதம்கூட அனுப்புவார்கள். தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவர் அப்படி மூன்று தவணை கட்டிவிட்டு, நான்காவது தவணைக்குமுன் என்னிடம் விசாரிக்க வந்தார். "தம்பி, ரிசர்வ் பேங்க் சீல் இருக்கே, அது பொய்யாவா இருக்கும்?" என்று கேட்டார். ஆமாம் ஆச்சி, பொய்தான். இப்படிப்பட்ட வாங்கல் விற்றலில் தனக்குப் பங்கில்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. அந்த 5 ரூபாய் நாணயம் புழக்கத்துக்கு வந்த சாதாரண நாணயம்தான். விற்கிறவர் முதலில் பணம் கட்டவேண்டும் என்று எவர் சொன்னாலும் அங்கேயே போனை வையுங்கள். பணம் வருவதற்கு க்யூஆர் ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பிள்ளைகள் திட்டுவார்களே என்று ஆச்சிகள் மறைக்கிறார்கள். பிள்ளைகளே, தயவுசெய்து திட்டாதீர்கள்.

அடுத்தது விலை. இணையத்தில் ஒரு பொருளுக்கு 9,000 ரூபாய் போட்டிருந்தால் அது ஒருவருடைய ஆசை, அவ்வளவுதான். விற்று முடிந்த விலையைத் தேடுங்கள். ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையை வெளியிடுகின்றன, சில விற்பனைத் தளங்களிலும் 'விற்றவை' என்று பிரித்துப் பார்க்கலாம். பிறகு கையில் என்ன நிற்கும் என்று கணக்குப் போடுங்கள். 6,000 ரூபாய்க்கு வாங்கி, மூன்று வருஷம் வைத்திருந்து, பேரம் பேசி 8,500க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 12 சதவீதம் என்றால் 1,020 ரூபாய். பேக்கிங், இன்ஷூரன்ஸோடு கூரியர் 400. கையில் 7,080. அதே 6,000ஐ 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் 7,350. வட்டிக்கணக்கு நம் ஊருக்குப் புதிதல்ல. ஆனாலும் 'கலெக்டபிள்' என்றதும் நன்றாகப் படித்தவர்கள்கூட அந்தக் கணக்கைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

போலியைக் கண்டுபிடிப்பதற்கு நான் கற்ற ஒரு பாடம் ரவிவர்மா அச்சுப் படங்கள். 1894ல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் கல்லச்சுப் படங்களை (கல்லில் வரைந்து அச்சடித்தவை) இங்கே சேலைப் பகுதியில் ஜரிகைத் துணி ஒட்டி, சம்கி தைத்துச் சட்டம் போட்டு மாட்டினார்கள். இன்று பழைய தேக்குச் சட்டத்துக்குள் புது ஆஃப்செட் அச்சை வைத்து விற்பது சர்வ சாதாரணம். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸ் ஒன்று போதும். ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் வரிசை பிசகாமல், பூப்போல வளையம் வளையமாகத் தெரியும். பழைய கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் தூவியது போல இருக்கும். சட்டத்தை மட்டும் பார்த்து விலை சொல்லாதீர்கள், பின்பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற மறுக்கிற கடையில் வாங்கவேண்டாம்.

புதுப் பொருளிலும் இதே பழக்கம் வேண்டும். ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களில் அரிதாக வரும் 'சூப்பர் டிரஷர் ஹன்ட்' கார் என்றால் காரில் டிஎச் குறி, மினுமினுக்கும் ஸ்பெக்ட்ராஃப்ளேம் வண்ணம், ரப்பர் டயர், அட்டையில் காருக்குப் பின்னால் இருக்கும் பொன்னிறக் குறி எல்லாம் சேர்ந்து இருக்கவேண்டும். சாதாரணக் காருக்கு டயரை மட்டும் மாற்றி, அட்டையை மறுபடி ஒட்டி விற்கிறார்கள். பிளாஸ்டிக் மூடி ஒட்டிய ஓரத்தைப் பாருங்கள், பசை தெரியும். என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்கள் தரம் பிரித்து உறையிட்ட நாணயம் என்றால் உறையில் உள்ள எண்ணை அவர்கள் தளத்திலேயே சரிபாருங்கள். உறையே போலியாக வருவதும் உண்டு என்பதால் அங்கே இருக்கும் படத்தோடு நாணயத்தையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: நாணயத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், மதிப்புப் போய்விடும். மலிவான பிவிசி உறையில் செம்பு பச்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பொம்மைப் பெட்டியில் அந்துருண்டை போடவேண்டாம், சில பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். பெட்டி, பில், சான்றுச் சீட்டு மூன்றையும் பொருளோடு சேர்த்தே வைத்திருங்கள். கரையான் முதலில் தின்பது அட்டைப் பெட்டியைத்தான்.

செட்டிநாட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. புதுச் சேகரிப்போடு வீட்டுப் பழம்பொருளையும் சேர்த்து விற்கிறவர்கள் பலர். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், கைவினைப் பொருள் சட்டப்படி தொல்பொருள். இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடிக்கு 75 ஆண்டு போதும். 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பமுடியாது, இவற்றை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், சிலை ஓவியம் போன்றவற்றைப் பதிவும் செய்யவேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அப்பச்சி காலத்துச் சாமி சிலையைப் பெட்டியில் வைத்து அனுப்புவதும் ஏற்றுமதிதான். நூறு ஆண்டு ஆகாத பொருள் என்றால் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று வாங்கிவிட்டு அனுப்புங்கள். தந்தம் பதித்த பெட்டி, நாற்காலி எதையும் விற்கவே கூடாது. வனவிலங்குச் சட்டம் அதைத் தடுக்கிறது, எத்தனை தலைமுறையாக வீட்டில் இருந்தாலும் சரி.

ஓவியம், சிற்பம், கலைப்பொருள் விற்ற லாபத்துக்கு வரியும் உண்டு, சொந்த உபயோகப் பொருள் என்ற விலக்கு இவற்றுக்குப் பொருந்தாது. அடிக்கடி வாங்கி விற்றால் அது வியாபார வருமானம். ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பழைய வீடுகளில் சீர்ச் சாமானை ஒரு கரண்டி விடாமல் நோட்டில் எழுதிவைத்தார்கள், பாத்திரத்தில் பெயரும் வெட்டினார்கள். அந்தப் பெயரும் நோட்டும் சேர்ந்து இருக்கிற பொருளுக்கு நான் தயங்காமல் கூடுதல் விலை தருவேன், ஏனென்றால் எந்த வீட்டுப் பொருள் என்ற சந்தேகம் எழாது. உங்கள் சேகரிப்புக்கும் அப்படி ஒரு நோட்டுப் போடுங்கள். பொருள், வரிசை எண், வாங்கிய தேதி, இடம், விலை, பில் எங்கே இருக்கிறது, விற்கவேண்டுமென்றால் யாரைக் கேட்கலாம். அதை மனைவியிடமோ பிள்ளையிடமோ காட்டி வையுங்கள். போன வருஷம் கானாடுகாத்தானில் ஒரு வீட்டில், இறந்தவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த தபால்தலை ஆல்பங்களை, என்னவென்று தெரியாமல் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டார்கள். எனக்கு விஷயம் தெரிந்து போய்க் கேட்டபோது லாரி மதுரைக்குக் கிளம்பியிருந்தது.