முள்ளெலி தோணியேறும் இரவு: துயரைப் பழக்கும் ஒரு விளையாட்டு மனத்தில் எவ்வாறு வேலை செய்கிறது?

என் அம்மாவின் அந்தியேட்டி முடிந்த மாலை, உறவினர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப்போன பின், வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடியின் நான்காம் மாடியில், தங்கையின் மகள் கணினி விளையாட்டொன்றைத் திறந்துவைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். திரையில் ஒரு படகு தெரிந்தது. அந்தப் படகின் சமையலறையில் முள்ளெலிக் கிழவி ஒருத்திக்காக அவள் ஏதோ சமைத்துக்கொண்டிருந்தாள். அம்மம்மாவின் படத்துக்கு முன் ஏற்றிய விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பிள்ளை துயரத்துக்கு முகங்கொடுக்க முடியாமல் திரைக்குள் ஒளிந்துகொள்கிறாள் என்றுதான் முதலில் எண்ணினேன். அடுத்து வந்த வாரங்களில் அருகில் இருந்து பார்த்தபோதும், இழப்புத்துயர் பற்றிய ஆய்வுகளைத் தேடி வாசித்தபோதும் அந்த எண்ணம் பிழையென்று தெரிந்தது.

அந்த விளையாட்டின் பெயர் ஸ்பிரிட்ஃபேரர். கனடாவின் மொன்றியல் நகரில் இயங்கும் தண்டர் லோட்டஸ் என்ற நிறுவனம் 2020 ஆகஸ்டில் வெளியிட்டது. கிரேக்கத் தொன்மத்தில் இறந்தவரின் ஆவியை ஆற்றின் மறுகரைக்கு ஏற்றிச்செல்லும் ஓடக்காரர் ஒருவர் உண்டு. அவர் ஓய்வுபெற்ற பின் அந்தத் தொழிலைப் பொறுப்பேற்கும் ஸ்டெல்லா என்ற இளம்பெண்ணாக நாம் விளையாடுகிறோம். விலங்கு வடிவில் வரும் ஆவிகளைப் படகில் ஏற்றி, அவர்களுக்கு வீடு கட்டிக்கொடுத்து, ஒவ்வொருவருக்கும் எது பிடிக்கும் என்று கண்டறிந்து சமைத்துப் போட்டு, அவ்வப்போது கட்டியணைத்து, அவர்களாகக் கேட்கும் நாளில் சிறு தோணியில் வைத்துக் கடைசி வாயில்வரை கொண்டுபோய் விடவேண்டும். சண்டை இல்லை, தோல்வி இல்லை, ஒருவரை வழியனுப்ப எவ்வளவு நாள் தாமதித்தாலும் விளையாட்டு அவசரப்படுத்துவதில்லை. ‘கோசி’ என்று அழைக்கப்படும் இதமான வாழ்க்கைப் பாவனை விளையாட்டுகளின் இயல்பு இது. நட்டு, பறித்து, சமைத்து, அயலவரோடு பேசி நாளைக் கழிப்பதே அவற்றின் முழு வேலை.

திரையில் நகரும் ஒரு சித்திரத்துக்காக மனிதர் ஏன் அழுகிறார் என்பது முதற் கேள்வி. 1944 ஆம் ஆண்டு ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற உளவியலாளர்கள் இருவர், இரண்டு முக்கோணங்களும் ஒரு சிறு வட்டமும் ஒரு பெட்டியைச் சுற்றி நகரும் குறும்படத்தைப் பலருக்குக் காட்டி, என்ன கண்டீர்கள் என்று கேட்டார்கள். பார்த்தவர்களுள் பெரும்பாலானோர் வடிவங்களின் அசைவை விவரிக்காமல், பெரிய முக்கோணம் முரடன், வட்டம் பயந்துபோனது என்று ஒரு கதையைச் சொன்னார்கள். நோக்கத்தோடு அசைவதுபோலத் தோன்றும் எதற்கும் உள்ளம் ஒன்று இருப்பதாக எடுத்துக்கொள்வது நமது மூளையின் வழக்கம். முக்கோணத்துக்கே உள்ளத்தைக் கொடுக்கும் மூளை, நேற்றுச் சமைத்த உணவை நினைவில் வைத்து நன்றி சொல்லும் முள்ளெலிக்கு அதைக் கொடுக்காமல் விடுமா? பாத்திரம் கற்பனை என்பது நமக்குத் தெரியும்; ஆனால் அந்த அறிவு, எழும் உணர்வைத் தடுப்பதற்குப் போதுமானதாக இல்லை.

இதில் பராமரிப்பு என்ற செயலுக்குத் தனி இடம் உண்டு. கதையைக் கேட்பவர் இறப்பைப் பார்க்கிறார். இந்த விளையாட்டை விளையாடுபவரோ, இறக்கப்போகிறவருக்காகப் பல மணி நேரம் உழைத்திருக்கிறார். படகில் வரும் தவளை மாமாவுக்கு ஒரே உணவைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பிடிக்காது. ஆகவே நாம் புதிது புதிதாகச் சமைக்கப் பழகுகிறோம். முள்ளெலிக் கிழவி அலிஸுக்கு நாளடைவில் மறதி முற்றுகிறது; தன் மகளின் பெயரைச் சொல்லி ஸ்டெல்லாவை அழைக்கத் தொடங்குகிறாள்; நடப்பதற்கும் கைபிடித்து உதவவேண்டியிருக்கிறது. என் அம்மா கடைசி மாதங்களில் பேத்தியைத் தங்கையின் பெயராலேயே அழைத்தார். அந்தக் கட்டம் வந்தபோது பிள்ளை விளையாட்டை நிறுத்திவிட்டு நெடுநேரம் பால்கனியில் நின்றாள். பின்னர் திரும்பி வந்து முள்ளெலியைக் கைபிடித்து நடத்தினாள்.

நின்று, போய், மீண்டும் வருகின்ற இந்த அசைவைத்தான் இன்றைய துயர் ஆய்வு முக்கியமானதாகக் கருதுகிறது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். 1969 இல் எலிசபெத் கியூப்லர்-ரோஸ் அவற்றை முன்வைத்தது, தாமே இறந்துகொண்டிருந்த நோயாளர்களைக் கண்டு பேசியதன் அடிப்படையில். பறிகொடுத்தவர்கள் எல்லோரும் அந்த வரிசையில் படியேறுவார்கள் என்பதற்குச் சான்று வலுவாக இல்லை. 1999 இல் மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஸ்ஹுட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் வேறொரு மாதிரியை வெளியிட்டார்கள். துயருற்றவர் சில நேரம் இழப்பின் பக்கம் திரும்பி அழுகிறார், நினைக்கிறார், பழைய படங்களைப் புரட்டுகிறார். வேறு நேரம் வாழ்வின் பக்கம் திரும்பி மின்கட்டணம் செலுத்துகிறார், இறந்தவர் செய்துவந்த வேலைகளைத் தாம் செய்யக் கற்றுக்கொள்கிறார், சற்றே சிரிக்கவும் செய்கிறார். இவ்விரு கரைகளுக்கும் இடையே ஊஞ்சல்போலப் போய்வருவதே ஆறுதலின் வழி என்றும், ஒரே பக்கத்தில் உறைந்துவிடுவதே தீங்கு என்றும் அவர்கள் கூறினார்கள்.

ஸ்பிரிட்ஃபேரரின் கட்டமைப்பு இந்த ஊஞ்சலுக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. ஒருவரை வழியனுப்பித் திரும்பிய உடனே படகில் வேலை காத்திருக்கிறது: தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும், மரத்தைப் பலகையாக அறுக்கவேண்டும், எஞ்சியிருப்போருக்குப் பசிக்கிறது. அழுத கண்ணோடு அடுப்படிக்குப் போகிறோம். சற்று நேரம் வேலையில் மூழ்கிய பின், படகின் மேல்தட்டில் போனவரின் வீடு கண்ணில் படுகிறது. அந்த வீட்டை விளையாட்டு இடிக்க விடுவதில்லை. உள்ளே போனால் அவர் விட்டுச்சென்ற மலர் மட்டும் இருக்கிறது.

அந்த வெற்று வீட்டின் வேலையை விளங்கிக்கொள்ள மூளையின் வரைபடத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இடத்தை அறியும் மூளைக்கலங்களைக் கண்டறிந்தமைக்காக 2014 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோரின் நோர்வே ஆய்வகத்தில், எலிகளின் மூளையில் விசித்திரமான கலங்கள் சில கண்டறியப்பட்டு 2013 இல் அறிவிக்கப்பட்டன. எலி நடமாடும் பெட்டியில் ஒரு பொருளை வைத்துப் பின்னர் எடுத்துவிட்டால், அந்தப் பொருள் முன்பு இருந்த இடத்தை எலி கடக்கும்போது அக்கலங்கள் மின்துடிப்பை எழுப்பின. பொருளை எடுத்துச் சில நாட்கள் கடந்த பின்னும் அவை துடித்தன. இல்லாத ஒன்றின் இடத்தை மூளை தொடர்ந்து குறித்துவைத்திருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் மேரி-ஃபிரான்சஸ் ஓ’கோனர் துயரை ஒருவகைக் கற்றல் என்று விளக்குகிறார். அன்புக்குரியவர் எங்கே, எப்போது, எவ்வளவு நெருக்கமாக இருப்பார் என்பதை ஆயிரமாயிரம் நாட்களாக எழுதிவைத்த வரைபடம் ஒரே நாளில் பொய்யாகிறது. மாலை ஆறு மணிக்கு வாசற்கதவு திறக்கும் என்று மூளை எதிர்பார்க்கிறது, கதவு திறப்பதில்லை. இத்தகைய ஏமாற்றங்கள் பல திரண்ட பின்னரே வரைபடம் மெல்லத் திருத்தப்படுகிறது. 2008 இல் அவரது குழு, தாயையோ சகோதரியையோ மார்பகப் புற்றுநோயில் இழந்த 23 பெண்களுக்கு இறந்தவரின் படத்தையும் துயரைத் தூண்டும் சொற்களையும் காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. துயர் தணியாமல் நீடித்த 11 பேரிடம், வெகுமதியையும் ஏக்கத்தையும் சார்ந்த ஒரு பகுதி கூடுதலாகத் தூண்டப்பட்டது. அவர்களது மூளை இன்னும் ஒரு சந்திப்பை எதிர்பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தது என்று இதற்குப் பொருள்கொள்ளலாம். ஆய்வு சிறியது என்பதையும் மறக்கக்கூடாது. விளையாட்டில், போனவருக்கு இன்று என்ன சமைக்கலாம் என்ற நினைப்போடு கை தன்போக்கில் அடுப்பை நோக்கிப் போய், அவர் இல்லை என்று உணர்ந்து திரும்பும் அந்த நொடி, இதே கற்றலின் சிறு ஒத்திகை என்பது என் எண்ணம்.

நம்முடைய சடங்குகள் இந்த ஒத்திகையைப் பெரிய அளவில் செய்கின்றன. செத்தவீட்டில் அடுப்பு எரிவதில்லை. அயலவர் தேநீரும் சாப்பாடும் கொண்டுவருகிறார்கள். எட்டுச்செலவன்று இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிறோம். முப்பத்தோராம் நாள்வரை ஒவ்வொரு கிழமையும் கைக்கு ஒரு வேலை வந்துகொண்டேயிருக்கிறது. அழுவதற்கு இடம், வேலைக்கு இடம், கூடியிருப்பதற்கு இடம் என்று மூன்றையும் நமது முன்னோர் ஒரே மாதத்துக்குள் வைத்துவிட்டார்கள். கொழும்பில் இது சுருங்கிப்போயிற்று. எங்கள் தொடர்மாடியின் மின்தூக்கியில் பெட்டி ஏறாது. ஆகவே அம்மாவைப் பொரளையில் ஒரு மலர்ச்சாலையில் வைத்து, அங்கிருந்தே கனத்தை மயானத்துக்குக் கொண்டுசென்றோம். கனடாவிலுள்ள அண்ணா நேரலையில் பார்த்தார். எதிர்வீட்டுச் சிங்களக் குடும்பத்தினர் மூன்று நாள் சோறு கொண்டுவந்து தந்தார்கள். அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் அந்த நாட்களில் பிள்ளையின் கைக்கென்று ஒரு வேலையும் நாங்கள் கொடுக்கவில்லை. பெரியவர்கள் எல்லாவற்றையும் செய்துமுடித்தோம். அவள் கதிரையில் அமர்ந்து வந்தோருக்கு வணக்கம் சொன்னாள். அவளுக்குக் கிடைக்காத வேலையைத்தான் அந்தப் படகு கொடுத்தது.

கூட்டம் கூட முடியாத காலத்தில் இத்தகைய விளையாட்டுகள் பரவியது தற்செயல் அன்று. 2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு இலங்கை முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அனிமல் குரொசிங் வரிசையின் புதிய விளையாட்டு உலகெங்கும் வெளியானதும் அதே நாளில்தான். அயலவரைக் காணவும் மலர் நடவும் ஒரு தீவைக் கொடுக்கும் அந்த விளையாட்டுக்குள், இறுதிச்சடங்குக்குப் போக முடியாமற்போன பலர் நினைவிடங்களை அமைத்தார்கள்.

விளையாடுவது மனநலத்தைக் கூட்டுமா என்று கேட்டால், விடை நிதானமாகவே சொல்லப்படவேண்டும். ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விளையாடியவரின் நினைவை நம்பாமல் நிறுவனங்கள் பதிவுசெய்த நேரக்கணக்கையே பெற்று ஆராய்ந்தார்கள். முதல் ஆய்வில் அனிமல் குரொசிங்கை அதிக நேரம் விளையாடியோரிடம் நலவுணர்வு சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் 2022 இல் ஏழு விளையாட்டுகளை ஆடிய 38,935 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, விளையாடும் நேரத்தின் அளவு நலவுணர்வைக் கூட்டியதாகவோ குறைத்ததாகவோ சொல்லுமளவுக்கு விளைவு எதுவும் காணப்படவில்லை. எத்தனை மணி நேரம் என்பதைவிட, ஏன் விளையாடுகிறார் என்பதும் அங்கே என்ன கிடைக்கிறது என்பதும்தான் முக்கியம். ஓர் இழப்பின் பின் ஆண்டு ஒன்று கடந்தும் ஏக்கம் அன்றாட வாழ்வை முடக்கிவைத்திருந்தால், அதை நீடித்த துயர்க் கோளாறு என்று 2022 முதல் மருத்துவ வகைப்பாடுகள் ஏற்றுக்கொள்கின்றன. அதற்குப் பயிற்சி பெற்றவரின் உதவி வேண்டும். இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

விளையாட்டின் வன்மையான பகுதியை இன்னும் சொல்லவில்லை. தவளை மாமா மற்றவர்களைப்போல வழியனுப்பச் சொல்லிக் கேட்பதில்லை. ஒருநாள் காலையில் அவர் படகில் இல்லை, அவ்வளவுதான். தோணிப் பயணம் இல்லை, கடைசி அணைப்பும் இல்லை. உடலோ விடையோ கிடைக்காத இழப்பை அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ் 1970களில் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டு ஆராய்ந்தார். உறுதியான செய்தியே வராததால் அந்தத் துயர் ஓரிடத்தில் உறைந்து நிற்கிறது என்றும், அது துயருற்றவரின் பலவீனம் அன்று, சூழ்நிலையின் விளைவு என்றும் அவர் விளக்கினார். காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களை ஏந்தி 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சித் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மாருக்கு இந்த விளக்கம் புதிதாக இராது. விளையாட்டில் மறைந்த தவளையை அவர்களின் பிள்ளைகளோடு ஒப்பிட நான் துணியமாட்டேன். விடைபெறாமல் போவதன் வலி வேறு வகையானது என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது உணர்த்தியது என்று மட்டும் சொல்கிறேன்.

படகால் செய்ய முடியாத ஒன்று உண்டு. முள்ளெலியை அறிந்தவர்கள் அந்தப் படகில் இருந்தார்கள். என் அம்மாவை அறிந்தவர் எவரும் அங்கே இல்லை. துயர் ஆற்றுவதில், இறந்தவரை நம்மோடு சேர்ந்து நினைவுகூரக்கூடிய இன்னொருவர் இருப்பதற்கு மாற்று இல்லை. ஸ்பிரிட்ஃபேரரில் இரண்டாம் ஆள் ஸ்டெல்லாவின் பூனையாகச் சேர்ந்து விளையாடலாம். அலிஸை வழியனுப்பத் தனியே மனம் வராமல் பல நாட்கள் தள்ளிப்போட்டிருந்த பிள்ளை, ஓரிரவு என்னைப் பூனையாக வந்து அருகில் இருக்கச் சொன்னாள். தோணி சிவந்த நீரில் மெல்லப் போயிற்று. முள்ளெலி பேசிக்கொண்டே வந்தாள். கல் வளைவின் கீழே அவளை அணைத்துவிட்டுத் திரும்பினோம். கடைசித் தொடருந்து மருதானைப் பக்கம் போகும் ஓசை கீழே கேட்டது. பிள்ளை கைவிசையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மாமா, சின்னனிலை உங்களை அம்மம்மா என்னெண்டு கூப்பிடுறவா?”

நாற்பது ஆண்டுகளாக வீட்டுக்கு வெளியே சொல்லாத அந்தப் பெயரைச் சொன்னேன். அது எப்படி வந்தது என்று கேட்டாள். அதற்கு, அம்மா கொட்டாஞ்சேனையில் முதன்முதலாக வாடகைக்கு எடுத்த வீட்டிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது.