போர்டு இல்லாத சாலைக்கும் வேக வரம்பு உண்டு

மாநில நெடுஞ்சாலையில் விபத்து நடந்த இடத்தை ஆய்வு செய்யப் போனால், வண்டி ஓட்டியவரோ உறவினரோ ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "இங்க போர்டே இல்லையே சார், எப்படித் தெரியும்?" போன வாரமும் அதேதான். சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என் வேலை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதால் எழுதுகிறேன்.

போர்டு இல்லை என்றால் வரம்பு இல்லை என்று அர்த்தமில்லை. வண்டியின் வகையையும் சாலையின் வகையையும் வைத்து உச்ச வேகத்தை மத்திய அரசு அறிவிக்கை மூலம் நிர்ணயிக்கிறது. 2018 ஏப்ரலில் வந்த அட்டவணையைப் பாருங்கள். நடுவே தடுப்பு வைத்துப் பிரித்த நான்கு வழிச் சாலையில் காருக்கு 100 கி.மீ., பைக்குக்கும் லாரிக்கும் 80. நம் மாநில நெடுஞ்சாலைகளில் பல அந்த வகையே இல்லை. எதிரெதிரே வண்டி வரும் இருவழிச் சாலைகள். அங்கே காருக்கு 70, பைக், லாரி, பஸ்ஸுக்கு 60, ஆட்டோவுக்கு 50. வழிநெடுக ஒரு போர்டுகூட இல்லாவிட்டாலும் இதுதான். "புதுசா தார் போட்டு வழவழன்னு இருக்கு, நூறுல போகலாம்" என்பவர்களுக்கும் இதே பதில்தான்.

"சாலையை 100 கி.மீ. வேகத்துக்குத்தானே வடிவமைக்கிறீர்கள்?" என்று கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். சமவெளியில் மாநில நெடுஞ்சாலைக்கு வடிவமைப்பு வேகம் 100, குறைந்தபட்சம் 80 என்பது உண்மை. வளைவுக்கும் சரிவுக்கும் கணக்குப் போட நாங்கள் எடுத்துக்கொள்ளும் எண் அது. பால் வாங்க ரோட்டைத் தாண்டும் பாட்டி, பள்ளி விட்டு சைக்கிளில் வரும் பிள்ளை, பாதி ரோட்டில் காயப்போட்ட நெல் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

அந்த மாதிரி இடங்களுக்குத்தான் போர்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவுப்படி, மாநில அரசு வரம்பை இன்னும் குறைக்கலாம்; அதற்கு அரசிதழில் அறிவிக்கையும் வேண்டும், அந்த இடத்தில் போர்டும் வேண்டும். எண்ணை யாரும் மனம்போன போக்கில் எழுதுவதில்லை. நூறு வண்டியில் 85 வண்டி எந்த வேகத்துக்குள் போகிறது என்று அளக்கிறோம். விபத்துப் பதிவேட்டைப் பார்க்கிறோம். முக்கியமாக, ஓட்டுபவர் கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்க்கிறோம். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க 2.5 நொடி ஆகும் என்பது சாலை வடிவமைப்புக்கு விதிமுறை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் கணக்கு. அதையும் சேர்த்தால், 80-ல் வரும் வண்டி நிற்க 120 மீட்டர் வேண்டும். 40-ல் வந்தால் 45 மீட்டர் போதும். வளைவில் புளியமரம் மறைத்து 50 மீட்டர்தான் தெரிகிறது என்றால் 40 என்றுதான் எழுத முடியும். அங்கே 80-ல் வருபவர் பிரேக்கை மிதிக்கும் முன்பே அந்த 50 மீட்டரையும் கடந்துவிடுகிறார்.

எங்கள் துறையினருக்கும் ஒரு வார்த்தை. சாலை வேலை நடக்கும்போது வைத்த '20 கி.மீ.' வேகப் போர்டை வேலை முடிந்ததும் எடுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாட்டுக்கு அறிவிக்கை தேவையில்லை என்று சட்டம் தரும் வசதி, போர்டை மாதக்கணக்கில் அங்கேயே விட்டுவைப்பதற்கு இல்லை. காரணமே இல்லாத ஒரு போர்டைப் பார்த்தவர், அடுத்த வளைவில் இருக்கும் நிஜமான போர்டையும் மதிக்க மாட்டார்.

சரி, மற்றவர்களுக்கு. சிவப்பு வட்டத்துக்குள் எண் இருந்தால் அது கட்டளை, மீறினால் குற்றம். அதன்மேல் பிறந்தநாள் வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் ஒட்டாதீர்கள். உங்கள் வண்டி இடித்துப் போர்டு உபயோகமில்லாமல் போனால், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்லியாக வேண்டும், அதுவும் சட்டம்தான். நீங்களாகவே மண்ணைக் கொட்டி வேகத்தடை போடாதீர்கள், இருட்டில் பைக்கில் வருபவர் அதில் விழுவார். ஊர் எல்லையில் போர்டு காணாமல் போயிருந்தால், தயவுசெய்து நெடுஞ்சாலைத் துறை உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள். "பஸ் ஸ்டாப் பக்கத்தில்" என்று எழுதினால் எங்களுக்கு இடம் புரியாது. பச்சைத் தலை போட்ட கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணைக் குறிப்பிடுங்கள்.