பிரீச்: தலைகீழாகக் கிடப்பது எந்தப் பிள்ளை?

மச்சாள் அப்போது 35 கிழமைப் பிள்ளைத்தாச்சி. ஆரையம்பதியில் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்து கொப்பியை மேசையில் வைத்தார். "பிரீச் என்று எழுதியிருக்கு" என்றார். மாமிக்கு அவ்வளவு போதும். வேலியோரம் போய், "புள்ள தலைகீழாக் கிடக்காம் கா" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லி முடித்துவிட்டார்.

எனக்கு அங்கேதான் இடறியது. வயிற்றில் தலைகீழாகக் கிடப்பதுதானே ஒழுங்கு? மாதம் நிறைந்த பிள்ளைகளில் 100க்கு 96 போல தலையைக் கீழே வைத்துத்தான் கிடக்கும். 3, 4 பிள்ளைகள்தான் பிரீச். அவை நம்மைப் போலத் தலையை மேலே வைத்து நேராக இருக்கின்றன. அந்தப் பாவங்களைத்தான் தலைகீழ் என்கிறோம்!

பிரீச் என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் அது இடுப்பையும் தொடையையும் மூடும் உடுப்பின் பெயர். நம்மூர்க் களிசான்தான் (அந்தச் சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுப்போனது). காலப்போக்கில் உடுப்பின் பெயர் அது மூடிய உடம்புப் பகுதிக்கு வந்தது. துவக்கின் பின்பகுதிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, பிரீச் என்றால் பிட்டம். கிளினிக்கில் மருத்துவிச்சி கூச்சமில்லாமல் "குண்டிப்பக்கமாக் கிடக்கு" என்று சொல்வது, மாமியின் 'தலைகீழ்' என்பதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு.

'கால் முந்திப் பிறத்தல்' என்றும் சொல்வதுண்டு. அது ஒரு வகைக்கு மட்டும் பொருந்தும். கூடுதலாகக் காணப்படும் வகையில் கால்கள் முகத்தருகே நீட்டி மடங்கியிருக்க, பிட்டம்தான் முதலில் வரும். சம்மணம் கொட்டினது போல இருப்பதும் உண்டு. எழுத்துக்கு 'பிட்டம் முந்திய பேறு' என்பது என் விருப்பம். 'பெறு' என்ற வினையிலிருந்து வந்த பேறு இருக்க, பிரசவம் என்ற வடசொல் இல்லாமலும் சமாளிக்கலாம்.

தாய் எப்படி இருந்து பெறுகிறாள் என்பதற்கும் பெயர்கள் உண்டு. மல்லாக்கக் கிடத்திக் கால்களைத் தாங்கியில் தூக்கி வைப்பது லித்தோட்டமி. கிரேக்கத்தில் லித்தோஸ் என்றால் கல், தொமே என்றால் வெட்டு. சிறுநீர்ப்பைக் கல்லை வெட்டி எடுக்க அந்தக் காலத்தில் ஆளை அப்படித்தான் கிடத்தினார்கள். பிள்ளைப்பேற்றுக்கும் அந்தப் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'கல்வெட்டு நிலை' என்று வரும், தொல்பொருள் திணைக்களத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். 'கால் தூக்கிய மல்லாந்த கிடை' போதும்.

மற்றது, கையையும் முழங்காலையும் ஊன்றி நிற்பது. இதை 'நாற்கால் நிலை' என்று எழுதினால் கதிரை ஞாபகம் வருகிறது. 'தவழ்நிலை' என்றால் யாருக்கும் விளங்கும். பிட்டம் முந்திய பேற்றில் தாய் தவழ்நிலையில் இருந்தால், பிள்ளையின் முதுகு தாயின் வயிற்றுப் பக்கம் போகும். பேறு பார்ப்பவருக்கு முன்னால் பிள்ளையின் வயிறும் நெஞ்சும் தெரியும். கை சிக்கியிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஜெர்மனியின் பிராங்பேர்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2004 முதல் 2011 வரை நடந்த 269 பிட்டம் முந்திய பேறுகளை ஒப்பிட்டார்கள். நிமிர்ந்த நிலையில் (தவழ்நிலையும் இதில் அடங்கும்) பெற்றவர்கள் 229 பேர், மல்லாந்து பெற்றவர்கள் 40 பேர். நிமிர்ந்திருந்தவர்களுக்குப் பிள்ளையைக் கையால் விடுவிக்க வேண்டிய தேவை குறைவாக இருந்தது. சரி, தாய்மாரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல இது, அதனால் முடிந்த முடிவு என்று சொல்ல முடியாது. பிரித்தானிய மகப்பேற்று மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டல், தாயின் விருப்பத்தையும் பேறு பார்ப்பவரின் பழக்கத்தையும் பார்த்து, சாய்ந்து கிடப்பது, தவழ்நிலை இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யலாம் என்கிறது.

எந்த நிலையானாலும் பிள்ளைக்கு முக்கியமாக ஆபத்து வரும் இடம் ஒன்று. தலை கடைசியில் வருகிறது. உடம்பு வெளியே வந்து தலை தங்கிவிட்டால் கொடி நசுங்கும், மூச்சுக்காற்று குறையும். அவசரப்பட்டு இழுத்தால் பிள்ளையின் கைகள் தலைக்கு மேலே போய் இன்னும் இறுகும். அதனால் பழகிய கை வேண்டும், பிள்ளையின் இதயத்துடிப்பை விடாமல் பார்க்க வேண்டும், உடனே சீசர் செய்ய வசதியும் வேண்டும். 26 நாடுகளில் 2,088 தாய்மாரிடம் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், பிள்ளை இறந்தது அல்லது கடுமையாகப் பாதிக்கப்பட்டது திட்டமிட்ட சீசரில் 1.6 வீதம், இயல்பு வழிக்குத் திட்டமிட்டதில் 5 வீதம். அதன் பிறகுதான் உலகெங்கும் பிரீச் பிள்ளைகளுக்குச் சீசர் இன்னும் கூடியது. அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை 2 வயதில் திரும்பப் பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை என்பதும் உண்மை. எப்படிப் பிறந்தாலும் பிரீச் பிள்ளையின் இடுப்பு மூட்டைச் சோதிக்க வேண்டும், அது விலகியிருக்க வாய்ப்புக் கூட.

மச்சாளின் பிள்ளை அடுத்த ஸ்கேனுக்கு முதல் தானாகவே கிறுகிவிட்டது. தலை கீழே, கால் மேலே. மாமி திரும்பவும் வேலியோரம் போனார்.

"புள்ள இப்ப நேராகிட்டாம் கா."